கோரையாறு ஓரம் சம்பா சர்வே: எத்தனை பேரிடம் கேட்பது, யாரிடம் கேட்பது?

பாமணியாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டில் நான் தேடுவது இதுதான்: சம்பாவுக்கு யார் நேரடியாகத் தெளிக்கிறார்கள், யார் நாற்று விட்டு நடுகிறார்கள், எதனால்?

எங்கள் ஊர், பக்கத்து ஊர், மாமா ஊர் என்று மூன்று ஊர்களில் 62 பேரிடம் வினாப்பட்டியல் நிரப்பியாகிவிட்டது. கைடு மேடம் 120 ஆக்கச் சொல்கிறார். சீனியர் அக்கா ஒருவர், "384 இல்லாவிட்டால் வைவாவில் நிற்க முடியாது" என்கிறார். கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் ஒரே வாரத்தில் 400 வந்துவிடும் என்கிறான் வகுப்புத் தோழன்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த 62 பேரில் 57 பேர் நடவு. தெளித்தவர்கள் அஞ்சே பேர். கை வர்க்கச் சோதனை (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) போட்டுப் பார்த்தால் கட்டங்களில் எண்ணிக்கை போதவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. இன்னும் 58 பேரைச் சேர்த்தால் சரியாகுமா? இல்லை, ஆரம்பமே தப்பா? புள்ளியியல் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் படித்ததற்கும் வயலில் நிற்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு படி விட்டுப்போனது போல இருக்கிறது.


நிகழ்தகவு எழுதியது:

திருச்சியில் புள்ளியியல் ஆய்வு மாணவி நான். 384 எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணைத் தமிழ்நாட்டில் பாதி ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன், ஏன் என்று எழுதியவர்களைத்தான் அதிகம் பார்க்கவில்லை.

ஒரு விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதப் புள்ளி பிழை வரம்புக்குள் மதிப்பிட வேண்டும். விகிதம் எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாததால் மோசமான நிலைமையை, அதாவது 0.5-ஐ, எடுத்துக்கொள்கிறோம். 1.96-ஐ வர்க்கப்படுத்தி, 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. அவ்வளவுதான். முழுத்தொகுதி, அதாவது யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அந்த மொத்தக் கூட்டம், சின்னதாக இருந்தால் இது இன்னும் குறையும். 420 வீடுகள் உள்ள ஊருக்கு 201 போதும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: ஒவ்வொருவரும் எளிய சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி, தேர்வாகியிருக்க வேண்டும். மாமா கை காட்டிய 384 பேர் என்றால் அந்த 5 சதவீதம் என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. எண்ணிக்கை கூடினால் குறைவது மாதிரிப் பிழை, அதாவது குலுக்கலில் தற்செயலாக வரும் வித்தியாசம், மட்டும். ஒரே பக்கமாகச் சாயும் பிழையான ஒருசார்பு குறையாது, அப்படியே உட்கார்ந்திருக்கும். கூகுள் ஃபார்மில் 400 பேர் வந்தாலும் அது உங்கள் நண்பரின் வாட்ஸ்ஆப் குழுக்களில் இருப்பவர்களின் கதைதான்.


கடைமடைக்காரன் எழுதியது:

தங்கச்சி, அந்த மூணு ஊரும் எந்தப் பக்கம்? பேர் வேணாம், ஆத்துல எந்த இடம்னு மட்டும் சொல்லு.


பாமணியாறு எழுதியது:

மூன்றுமே நீடாமங்கலத்துக்குக் கொஞ்சம் கீழே, அண்ணா. ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை.


கடைமடைக்காரன் எழுதியது:

அப்ப உன் 62 பேர்ல 57 பேர் நட்டிருக்காங்கன்னா அதுல ஆச்சரியமே இல்ல. தலைப்புல தண்ணி திறந்த கொஞ்ச நாள்ல உங்க வாய்க்கால்ல ஓடும். நாத்தங்காலுக்குத் தண்ணி இருக்கு, நடவுக்குச் சேறடிக்கத் தண்ணி இருக்கு, நடுறீங்க. நான் இருக்கறது முத்துப்பேட்டைக்கு மேல, கோரையாத்துக் கடைசி. மேட்டூர்ல ஜூன் 12 திறந்தாலும் எங்க மடைக்கு எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாது. முறை வச்சு விட்டாங்கன்னா இன்னும் இழுக்கும். நாத்து விட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கறதுக்குப் பதிலா, ஒரு மழை பெஞ்சதும் உழுது புழுதியிலயே தெளிச்சிடுவோம். பயிர் முளைச்சு நிக்கறப்ப ஐப்பசி மழை வந்தா தாங்கும்.

அதனால நீ அங்க 62-க்கு 620 பேரைக் கேட்டாலும் தெளிக்கிறவன் ஏன் தெளிக்கிறான்னு உனக்குத் தெரியாது. தெளிக்கிற ஊருக்கே நீ இன்னும் வரல.

இன்னொண்ணும் மனசுல கிடக்கு, சொல்லிடறேன். எங்க ஊருக்கு வருஷத்துக்கு நாலு சர்வேயாவது வருது. கஜா புயலுக்கப்புறம் எண்ணிக்கையே இல்ல. வர்றவங்க எல்லாம் மெயின் ரோட்டுல இறங்கி டீக்கடையில உக்காந்திருக்கிற எட்டுப் பேரைக் கேட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போயிடறாங்க. அந்த எட்டுப் பேரு எப்பவும் அதே எட்டுப் பேரு. அவங்க சொன்னதுதான் எங்க ஊருன்னு எங்கயோ பதிவாகியிருக்கும். எங்க தெருவுக்கு ஒருத்தரும் வந்ததில்ல.


ஓய்வுபெற்றபுள்ளி எழுதியது:

மேலே தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன். பாப்பா, உன் ப்ராஜெக்ட்டின் மூன்றாம் அத்தியாயமே அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறுதான் உன் அடுக்கு. தலைமடை (தண்ணீர் முதலில் வரும் இடம்), நடு, கடைமடை (கடைசியில் வரும் இடம்) என்று ஊர்களை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள். பாடப் புத்தகத்தில் அடுக்கு முறை மாதிரி என்று படித்திருப்பாய், ஆண் பெண், வயது என்று உதாரணம் கொடுத்திருப்பார்கள். டெல்டாவில் எது விடையை மாற்றுகிறதோ அதைக் கொண்டுதான் அடுக்க வேண்டும். இங்கே விடையை மாற்றுவது மடை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வட்டார அளவில் புள்ளிவிவர வேலை பார்த்தவன். பயிர் அறுவடைப் பரிசோதனை எத்தனை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. சமவாய்ப்பு என்றால் என்ன என்பதை நான் கற்றது வகுப்பில் இல்லை, வரப்பில்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் வெட்ட வேண்டும். எந்தப் புல எண், எந்த வயல் என்பதைச் சமவாய்ப்பு எண்தான் முடிவு செய்யும். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நின்று நீளத்தையும் அகலத்தையும் அளப்போம். மறுபடி ஒரு ஜோடிச் சமவாய்ப்பு எண். நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை என்று உள்ளே போய் முதல் முளைக்குச்சியை அடிக்க வேண்டும். நாலு முளை, சுற்றிக் கயிறு. கயிறு இழுத்துக் கட்டியதும் பார்த்தால் சில நேரம் நட்ட நடுவில் சொட்டையாக இருக்கும், பயிர் கருகியிருக்கும். நிலத்துக்காரர் பக்கத்தில் நின்று, "சார், ரெண்டடி தள்ளி அடிங்க, இங்க பாருங்க எப்படி விளைஞ்சிருக்கு" என்பார். காப்பீடு கிடைக்க வேண்டும் என்று நினைக்கும் வருஷத்தில் அதே மனிதர் சொட்டைப் பக்கம் தள்ளச் சொல்வார். இரண்டுமே கூடாது. முளை விழுந்த இடம்தான் இடம்.

ஏன் இத்தனை கண்டிப்பு? அந்தச் சதுரம் 25 சதுர மீட்டர். ஒரு எக்டேர் அதைப் போல 400 மடங்கு. களத்தில் அடித்துத் தூற்றி எடை போடும்போது அரைக் கிலோ கூடினால் எக்டேருக்கு 200 கிலோ கூடிவிடும். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிர் என்றால் ஒரு கிராம அலகுக்குக் குறைந்தபட்சம் நாலு பரிசோதனைதான். அந்த நாலில் ஒன்றை ரெண்டடி தள்ளினால் ஊர் முழுவதற்கும் கணக்கு மாறுகிறது.

கயிற்றின் மேலேயே நிற்கும் நெற்குத்துகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதுகூடப் பெரிய விஷயம். 1940-களில் புள்ளியியலாளர் மகலநோபிஸ் வங்காளத்தில் சில அடி ஆரமுள்ள சின்ன வட்டங்களை வெட்டி விளைச்சலை மதிப்பிட்டார். பெரிய சதுரமே வேண்டும் என்று வாதாடியவர் இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே. சின்னத் துண்டுகளில் விளைச்சல் கூடுதலாகக் காட்டுகிறது என்று அளந்தே காட்டினார். காரணம் ஓரம். நாலு அடி ஆர வட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 1.6 மீட்டர் எல்லை வருகிறது. 5 மீட்டர் சதுரத்தில் 0.8 மீட்டர்தான். எல்லையில் நிற்கும் குத்து என்றால் அறுப்பவர் கை தானாக உள்ளே சேர்த்துக்கொள்ளும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கணக்கு ஒரே பக்கமாகச் சாய்கிறது. ஒருசார்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

உன் சர்வேயில் வீடுதான் அந்த முளை. மாமா "இவரைக் கேளு, நல்லாப் பேசுவார்" என்று சொல்வது "ரெண்டடி தள்ளி அடிங்க" என்பதுதான்.


பாமணியாறு எழுதியது:

ஐயா, நான் செய்தது அப்படியே அதுதான். மாமாதான் ஒவ்வொரு வீடாகக் கூட்டிப்போனார். அப்படியென்றால் இந்த 62-ஐ என்ன செய்வது? ஒன்றரை மாசம் அலைந்திருக்கிறேன்.


குடமுருட்டி எழுதியது:

கொஞ்சம் நிதானமாகப் பேசலாமா? நான் போன வருஷம் இதே மாதிரி ப்ராஜெக்ட் முடித்தவன். எம்.ஏ.வுக்கு இருப்பது ஒரு பருவம். இவர் தேசிய மாதிரி ஆய்வு நடத்தப் போவதில்லை. முத்துப்பேட்டை வரை போய்வர பஸ் சார்ஜ் யார் தருவார்கள்? பெண்பிள்ளை தனியாகத் தெரியாத ஊரில் வீடு வீடாகப் போக வீட்டில் விடுவார்களா? கைக்கு எட்டியவர்களிடம் கேட்பதற்கு வசதி மாதிரி என்று பேர். வசதி மாதிரி எடுத்தேன் என்று ஆய்வேட்டில் நேர்மையாக எழுதிவிட்டால் போதும் என்பது என் கருத்து. எல்லாருக்கும் எல்லாமே முடியாது.


நிகழ்தகவு எழுதியது:

> வசதி மாதிரி எடுத்தேன் என்று ஆய்வேட்டில் நேர்மையாக எழுதிவிட்டால் போதும்

நேர்மையாக எழுத வேண்டும், சரி. ஆனால் எழுதிவிட்டு அடுத்த பக்கத்திலேயே p மதிப்பு (தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) போட்டு, "டெல்டா விவசாயிகள் நடவையே விரும்புகிறார்கள்" என்று முடிவு எழுதுகிறோமே, அங்கேதான் தகராறு. மூன்று தலைமடை ஊர் என்று எழுதினால் முடிவும் மூன்று தலைமடை ஊருக்குத்தான். அந்த அளவோடு நிற்கத் தயார் என்றால் நீங்கள் சொல்வது ஏற்கத்தக்கதே. பஸ் சார்ஜும் பாதுகாப்பும் உண்மையான தடைகள், அதை மறுக்கவில்லை. அதனால்தான் திட்டமிடல் வேண்டும் என்கிறேன்.

இதே 120 பேரை வைத்துக்கொண்டு இரண்டு வழி பாருங்கள். ஒன்று, 4 ஊர், ஊருக்கு 30 வீடு. இன்னொன்று, 12 ஊர், ஊருக்கு 10 வீடு. எண்ணிக்கை ஒன்றுதான், தகவல் ஒன்றல்ல. ஒரே வாய்க்காலில் பாயும் 30 பேருக்கும் ஒரே நாளில்தான் தண்ணீர் வருகிறது. தண்ணீரைப் பொறுத்த கேள்விக்கு முதல் ஐந்தாறு பேர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். இந்த ஒற்றுமையை அளக்க ஒரு கெழு உண்டு. அது 0.2 என்று வைத்துக்கொள்வோம். 30 வீடு எடுத்தால் வடிவமைப்பு விளைவு (மாதிரி எத்தனை மடங்கு வலுவிழக்கிறது என்ற எண்) 1 + 29 × 0.2, அதாவது 6.8. உங்கள் 120 பேர் உண்மையில் 18 பேருக்குச் சமம். ஊருக்கு 10 வீடு என்றால் அது 2.8. அதே 120 பேர் 43 பேருக்குச் சமம். கூடுதலாக ஒருவரைக்கூடக் கேட்காமல் கிடைக்கும் லாபம் இது.

என் பரிந்துரை: மூன்று அடுக்கு, அடுக்குக்கு 4 ஊர், ஊருக்கு 10 வீடு. கைடு கேட்ட 120-உம் வந்துவிடும். ஊர்களையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், பஸ் போகும் ஊராகப் பார்த்து அல்ல.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அடுக்குக்கு 40 என்று சமமாக எடுத்தால், மொத்தத்துக்கு ஒரே விகிதம் சொல்லும்போது எடை கொடுத்தாக வேண்டும். உதாரணத்துக்கு, கற்பனை எண்கள்தான்: சாகுபடிக் குடும்பங்களில் 20 சதவீதம் தலைமடை, 30 நடு, 50 கடைமடை. தெளிப்பவர்கள் முறையே 10, 40, 80 சதவீதம். மூன்றையும் சும்மா சராசரி எடுத்தால் 43. எடை போட்டால் 54. பாதிக்குக் கீழா மேலா என்பதே புரண்டுவிடுகிறது.


ஓய்வுபெற்றபுள்ளி எழுதியது:

62-ஐத் தூக்கிப் போடாதே பாப்பா. அதை 120-இல் கலக்கவும் கலக்காதே. அதற்குப் பேர் முன்னோட்ட ஆய்வு. மகலநோபிஸ் 1937-இல் வங்காளத்துச் சணல் கணக்கெடுப்பைச் சின்ன அளவில் தொடங்கி, வருஷா வருஷம் பெருக்கித்தான் மாகாணம் முழுவதற்கும் கொண்டுபோனார். எந்தக் கேள்வி ஓடுகிறது, எது சிக்குகிறது, ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதெல்லாம் உன் 62 தாளில் இருக்கிறது. அதற்கென்று ஒரு அத்தியாயம் எழுது.

அவரிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பகுதியில் மாதிரியை இரண்டு கூறாகப் பிரித்து, இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுப்பார். இரண்டு விடைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, கேட்டவர்களால் வரும் பிழையைக் காட்டிக்கொடுக்கும். நீ தோழி ஒருத்தியைக் கூட்டிப் போ. பாதி வீடு நீ, பாதி வீடு அவள். பாதுகாப்புக்கும் ஆச்சு. யார் யாரைக் கேட்டீர்கள் என்று தாளில் குறித்து வைத்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீடுகளை எடுக்கும் முறை: பட்டாதாரர் பட்டியலை வைத்து எடுக்காதே. இதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே கோயில் நிலம், மடத்து நிலம் ஏராளம். வாய்வழிக் குத்தகை அதைவிட ஏராளம். பட்டா சென்னையில் இருப்பவர் பேரில் இருக்கும், சேற்றில் இறங்குகிறவர் பேர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பட்டியலில் இல்லாதவர் மாதிரியில் வரவே முடியாது, நீ எவ்வளவு நியாயமாகக் குலுக்கினாலும். வாக்காளர் பட்டியல் வீட்டெண்ணோடு கிடைக்கும், தொடக்கத்துக்கு உதவும். ஆனால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வில் ஊருக்குள் போனதும் முதல் வேலை வீட்டுப் பட்டியல் எடுப்பதுதான். அதையே நீயும் செய். தெருத் தெருவாக நடந்து வாசலில் ஒரே ஒரு கேள்வி: இந்த வருஷம் சம்பா போட்டீங்களா? சொந்தமோ குத்தகையோ, போட்ட வீட்டுக்கு எண் கொடு. 60 வீடு வந்தது, 10 வேண்டும் என்றால் ஆறுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஒரு சீட்டு எடு. 4 வந்தால் 4, 10, 16 என்று 58 வரை. தெரு வரிசையில் எண் போட்டிருப்பதால் குடியானத் தெரு, காலனி, அக்கிரகாரம், எல்லாவற்றிலிருந்தும் அதனதன் அளவுக்கு வீடு விழும். மேலே தம்பி சொன்னாரே, எங்கள் தெருவுக்கு யாரும் வந்ததில்லை என்று, அதற்கு இதுதான் மருந்து.

பூட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு வராதே. மூன்று முறை போ. பூட்டிய வீட்டுக்காரர் திருப்பூருக்கோ கூலி வேலைக்கோ போயிருப்பார். அவர் முடிவு பக்கத்து வீட்டுக்காரர் முடிவு மாதிரி இருக்காது.


நாத்துமுடி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். என் அம்மா நாற்பது வருஷம் நடவு நட்டவர். இந்த இழையில் விவசாயி, விவசாயி என்று எழுதுகிறோம். நடவா தெளிப்பா என்ற கேள்வியில் பாதி பேர் உங்கள் பட்டியலுக்குள்ளேயே இல்லை. தெளித்தால் நிலத்துக்காரருக்கு நடவுக் கூலி மிச்சம். அந்த மிச்சம் என் அம்மாவுக்கு இல்லாமல் போன நாள்கள். சம்பா போட்டீர்களா என்று வாசலில் கேட்டால் எங்கள் வீட்டுக்கு எண்ணே கிடைக்காது. எங்களிடம் நிலம் இல்லை.

தங்கையின் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் முழுத்தொகுதி யார் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்: சம்பா சாகுபடி செய்யும் குடும்பங்கள், அவ்வளவுதான் என்று. முடிந்தால் ஒவ்வொரு ஊரிலும் நடவுக் குழுப் பெண்கள் நாலு பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எண்ணாக வேண்டாம், அவர்கள் பேச்சாகவே எழுதுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் அடுப்பு மூட்டும் நேரத்தில் வாருங்கள்.


பாமணியாறு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வயலில் நடும் அக்காக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். ஆனாலும் பட்டியலில் அவர்களை யோசிக்கவில்லை. சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது வினாப்பட்டியல். 9-ஆம் கேள்வி: "நேரடி நெல் விதைப்பு முறை இலாபகரமானது மற்றும் எளிதானது எனக் கருதுகிறீர்களா? முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை." 62 பேரில் பெரும்பாலானோர் "பரவாயில்லம்மா" என்றார்கள், நடுநிலையில் டிக் அடித்தேன். 14-ஆம் கேள்வி: ஏக்கருக்கு எத்தனை கிலோ விளைச்சல். இதற்கு எல்லாரும் தயங்கினார்கள்.


கடைமடைக்காரன் எழுதியது:

தங்கச்சி, எங்கப்பா காலத்துலேருந்து நாங்க ஏக்கர்ல யோசிக்கறதில்ல, கிலோவுலயும் இல்ல. மாவுக்கு எத்தனை மூட்டைன்னு கேளு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவோம். மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. மாத்திக்கறது உன் வேலை. ஆனா மூட்டை எத்தனை கிலோன்னு அந்தந்த வீட்டுல கேட்டுக்க. 60 கிலோ மூட்டையும் உண்டு, 75-உம் உண்டு. கொள்முதல் நிலையத்துல போடறது 40 கிலோ சிப்பம். அது தெரியாம ஒருத்தர் முப்பதுன்னு சொன்னதையும் இன்னொருத்தர் முப்பதுன்னு சொன்னதையும் ஒண்ணாக் கூட்டினா கதை கெட்டுது.

பரவாயில்லன்னு சொல்றது நடுநிலையும் இல்ல. வீட்டுக்கு வந்த பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது. "இலாபகரமானது"ன்னு நீ படிச்சுக் காட்டறப்பவே உனக்கு என்ன பதில் வேணும்னு அவங்க தேட ஆரம்பிச்சிடுவாங்க.


நிகழ்தகவு எழுதியது:

அண்ணா சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். 9-ஆம் கேள்வியில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலாபம், ஆனால் எளிது இல்லை என்பவர் எங்கே டிக் அடிப்பார்? உளவியலாளர் லிக்கர்ட் 1932-இல் தந்த இந்த உடன்படுகிறேன், உடன்படவில்லை அளவுகோல் மனப்பான்மையை அளக்க உதவும். உங்களுக்கு வேண்டியது மனப்பான்மை இல்லை, நடந்தது. "போன சம்பாவுக்கு நாத்து விட்டீங்களா, தெளிச்சீங்களா?" என்று கேளுங்கள். அடுத்து, "நடவு ஆள் எத்தனை நாள் கழிச்சுக் கிடைச்சுது?" நடந்ததைக் கேட்டால் மரியாதைக்காகப் பதிலை மாற்ற வேண்டிய தேவை இருக்காது.

ஞாபகமும் நழுவும். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி" என்று கேட்காமல் ஊரே மறக்காத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16. அதற்கு முந்தின சம்பாவா, பிந்தின சம்பாவா? 2022-இல் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், அந்த வருஷம் என்ன செய்தீர்கள்? இப்படிக் கேட்டால் தேதி தானாக வரும்.


ஓய்வுபெற்றபுள்ளி எழுதியது:

மாணவர்கள் செய்யும் சர்வே என்ன பெரிதாக ஆகிவிடும் என்று உனக்குத் தோன்றினால் ஒன்று சொல்கிறேன். 1916 கோடை விடுமுறையில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று நம் பக்கத்து பாலக்குறிச்சி, அன்றைய தஞ்சாவூர் மாவட்டம். இருபது வருஷம் கழித்து பொருளியலாளர்கள் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்வு செய்ய முடிந்தது, முதல் தடவை எடுத்ததைப் பிள்ளைகள் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால். உன் தாளில் ஊரின் மடை, வீட்டுப் பட்டியல் எடுத்த தேதி, குலுக்கிய எண், எல்லாவற்றையும் எழுது. யாராவது திரும்பி வருவார்கள்.

ஆனால் வீட்டுக்காரர் பெயரும் போன் நம்பரும் ஆய்வேட்டில் ஒருநாளும் வரக் கூடாது. தஞ்சாவூரில் ஆய்வு செய்த கேத்லீன் கஃபும் ஆந்த்ரே பெத்தேயும் ஊர்ப் பெயரையே மாற்றித்தான் எழுதினார்கள்.


கடைமடைக்காரன் எழுதியது:

அதுக்கு ஐயாவுக்கு நன்றி. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கணக்கெடுப்புல நம்பர் கொடுத்தேன். அப்புறம் ரெண்டு மாசம் கடன் வேணுமான்னு போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதிலேருந்து எங்க வீட்டுல யாரும் நம்பர் கொடுக்கறதில்ல.


குடமுருட்டி எழுதியது:

நான் மேலே எழுதியதில் பஸ் சார்ஜ் பற்றிச் சொன்னதை இன்னும் விடவில்லை. 12 ஊருக்குப் பதில் 9 ஊர், அடுக்குக்கு 3, ஊருக்கு 13 என்றால் 117 வரும். மூன்று நாள் அலைச்சல் மிச்சம். பெரிய நஷ்டமா?


நிகழ்தகவு எழுதியது:

வடிவமைப்பு விளைவு 3.4 ஆகும். 117 பேர் 34 பேருக்குச் சமம். முன்பு 43. முடியாத பட்சத்தில் இது மோசமில்லை. எதற்காகக் குறைத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.


பாமணியாறு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கைடு மேடத்திடம் இந்த இழையைத் தாளில் அச்சடித்துக் காட்டினேன். 12 ஊர் என்றதும் முதலில் யோசித்தார். வடிவமைப்பு விளைவுக் கணக்கை அவரே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தோழியும் நானும் எட்டு ஊர் முடித்துவிட்டோம். நேற்று கடைமடை அடுக்கில் இரண்டாவது ஊர்.

அங்கே 34-ஆம் எண் வீடு. இரண்டு முறை பூட்டியிருந்தது. மூன்றாவது முறை சாயங்காலம் ஆறரைக்குப் போனோம். ஒரு பெரியம்மா தாழ்வாரத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கணவர் கேரளாவில் வேலை, சாகுபடி முழுக்க இவர்தான். "நாத்து விட்டீங்களா, தெளிச்சீங்களா?" என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு விரலால் தரையில் கோடு போட்டார். "இது வாய்க்கா. இத ஒட்டி ஒன்றரை மா, அது நடவு. உள்ள தள்ளி மூணு மா, தண்ணி ஏறாது, அது தெளிப்பு. நீ எதை எழுதப் போற?"

என் தாளில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஒன்றும் அடிக்காமல், அவர் போட்ட கோட்டை அப்படியே தாளின் பின்பக்கம் வரைந்துகொண்டு வந்தேன். அடுத்து கேட்ட மூன்று வீட்டிலும் இதே மாதிரி இரண்டு முறையும் இருந்தது. முன்னால் முடித்த ஏழு ஊரில் இப்படி எத்தனை பேர் இருந்தார்களோ, நான் பெரிய துண்டை மட்டும் எழுதியிருப்பேனோ என்று ராத்திரி முழுக்க யோசனை. இப்போது என்ன செய்வது?


நிகழ்தகவு எழுதியது:

உங்கள் அலகு வீடு இல்லை, வயல் துண்டு. எக்செல்லில் ஒரு வீட்டுக்கு ஒரு வரி என்பதை மாற்றி, ஒரு துண்டுக்கு ஒரு வரி போடுங்கள். வீட்டு எண் ஒரு நிரலில் திரும்பத் திரும்ப வரட்டும். வாய்க்காலிலிருந்து எத்தனை வயல் தள்ளி என்று ஒரு புது நிரல் சேருங்கள். ஒரே குடும்பம், ஒரே ஆள், ஒரே வருஷம், முறை மட்டும் வேறு. தண்ணீர்தான் காரணமா என்று பார்க்க இதைவிடச் சுத்தமான ஒப்பீடு உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. முடித்த ஏழு ஊருக்கும் திரும்பப் போய் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வாருங்கள். எழுபது வீடு, வீட்டுக்கு அஞ்சு நிமிஷம்.


ஓய்வுபெற்றபுள்ளி எழுதியது:

போ பாப்பா. அந்தக் கோட்டுப் படத்தையும் பத்திரமாக வை, பின்னிணைப்பில் போடலாம்.


கடைமடைக்காரன் எழுதியது:

கடைமடை அடுக்குல மிச்சம் ரெண்டு ஊருக்கும் எப்ப வர்றீங்க? எங்க ஊரு சீட்டுல விழுந்துச்சா இல்லையான்னு சொல்லாத, அது சரியில்ல. ஆனா இந்தப் பக்கம் வந்தீங்கன்னா கடைசி பஸ்ஸு எட்டே காலுக்கு. அதுக்கு மேல ஆச்சுன்னா எழுதுங்க, எங்க வீட்டம்மா வண்டியில கொண்டாந்து ரோட்டுல விடுவாங்க.


பாமணியாறு எழுதியது:

சரிங்கண்ணா. ஞாயிற்றுக்கிழமை முதல் ஊரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். மாமா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.